உறுப்பும் உடன்படிக்கையும்: மென்பொருட் கூறுகள் பற்றிய ஒரு விளக்கம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்துள்ள ஓசூர், எல்லையைத் தாண்டினால் கருநாடகம் என்னும் நிலையில் உள்ள ஊர். 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டையை அமைத்த பின்னர், இவ்வட்டாரத்தின் தோற்றமே மாறிற்று. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை இங்கு எழுந்தது, டி.வி.எஸ். மொபெட்டுகள் உருவாயின. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து 1984இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும் இவ்வூரிலேயே அமைந்தது. அண்மையில், 2021ஆம் ஆண்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலையொன்றும் உற்பத்தியைத் தொடங்கியது.

இவ்வாலைகளுள் எதுவும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. சுற்றிலுமுள்ள சிறு பட்டறைகளில் லேத் எந்திரங்கள் சுழல்கின்றன. சுருள்வில், ரப்பர் வளையம், பித்தளைக் குழல், பிளாஸ்டிக் உறை எனப் பல உறுப்புகள் உருவாகின்றன. உறுப்பைக் கடைந்தவர் வண்டி எங்கே ஓடுகிறது என்பதை அறியார். வண்டியைப் பூட்டுபவர் உறுப்பு எந்தப் பட்டறையில் பிறந்தது என்பதை அறியார். ஒருவர் தமிழ் பேசுவார். மற்றவர் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுவார். எனினும் உறுப்பு வண்டியில் பிசகின்றிப் பொருந்துகிறது. இவர்களை இணைப்பது யாது? ‘டிராயிங்’ என்று பட்டறையில் வழங்கும் வரைபடமே. இன்ன அளவு, இன்ன உலோகம், இவ்வளவு வரை கூடலாம், இவ்வளவு வரை குறையலாம் என்று அது வரையறுக்கிறது. அது வெறும் படமன்று. இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை.

ஓசூர்ப் பட்டறைகள் கைப்பழக்கத்தால் அறிந்த இவ்வுண்மையைக் கணினி உலகம் கோட்பாடாக வகுக்கப் பல்லாண்டுகள் முயன்றது. அம்முயற்சியின் பயனே ‘கூறுவழி மென்பொருளாக்கம்’ என்னும் துறை. அதன் அடிப்படைகளை மாணவரும் பெரியோரும் அறியுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிகாரம் செய்வோர் இருவர்

ஒரு பெரும் பொருளைச் சிறு சிறு உறுப்புகளாகப் பகுத்துச் செய்வதால் என்ன நன்மை? அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனை ஒரு கதையால் விளக்கினார். இவரே 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். கதை, ஓசூர் நன்கறிந்த கடிகாரத் தொழிலைப் பற்றியது.

கடிகாரம் செய்வோர் இருவர் இருந்தனர். இருவர் செய்த கடிகாரங்களிலும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்புகள். முதலாமவர் ஆயிரத்தையும் ஒரே தொடராகக் கோத்துச் செல்வார். நடுவில் யாரேனும் அழைத்துக் கடிகாரத்தைக் கீழே வைத்தால், அதுவரை கோத்தவை யாவும் சிதறிவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாமவர் பத்துப் பத்து உறுப்புகளைச் சேர்த்துத் தனித்து நிற்கும் சிறு தொகுதிகளாக்குவார். அத்தொகுதிகள் பத்தைச் சேர்த்துப் பெருந்தொகுதியாக்குவார். பெருந்தொகுதிகள் பத்தைச் சேர்த்துக் கடிகாரமாக்குவார். இடையூறு நேர்ந்தால் அவருக்கு இழப்பு கையிலிருந்த ஒரு சிறு தொகுதி மட்டுமே. இரண்டாமவர் செழித்தார், முதலாமவர் கடையை மூடினார்.

மென்பொருள் என்பது ஆயிரம் அன்று, பல இலட்சம் வரிகள் கொண்ட கட்டளைத் தொகுதி. அதனை ஒரே தொடராக எழுதுபவர் முதற் கடிகாரக்காரரின் நிலையையே அடைவார் என்பதில் ஐயமில்லை.

கோட்பாடு பிறந்த வரலாறு

1968ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் செருமனியின் கார்மிஷ் நகரில் மென்பொருட் பொறியியல் பற்றிய மாநாடு ஒன்று கூடியது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் அங்கு ஒரு கருத்தை முன்வைத்தார். பிற தொழில்களில் உறுப்புகளைத் தொகையாகச் செய்து விற்போர் இருக்கின்றனர். மென்பொருளில் மட்டும் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் புதிதாக எழுதுகின்றனரே, இது தகுமா என்று அவர் வினவினார். முக்கோணவியலின் சைன் மதிப்பைக் கணிக்கும் ஒரு சிறு நிரலைக்கூட, எவ்வளவு நுட்பம் வேண்டும், எவ்வளவு விரைவு வேண்டும் என்று கேட்டு, விலைப்பட்டியலிலிருந்து தேர்ந்து வாங்கும் நிலை வரவேண்டும் என்பது அவரது விருப்பம்.

உறுப்புகளாகப் பகுக்க வேண்டும் என்பது சரி, எவ்வாறு பகுப்பது? இதற்கு விடை தந்தவர் டேவிட் பார்னஸ். 1972இல் அவர் எழுதிய ஆய்வுரையில் எடுத்துக்கொண்ட சான்று தமிழ்த் துறையினருக்கு மிகவும் அணுக்கமானது. அது ஒருவகைச் சொல்லடைவுப் பணி. வரிகளைப் பெற்று, அவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லும் முதலில் வருமாறு சுழற்றி, அகரவரிசையில் அடுக்கித் தரும் நிரல் ஒன்றை அவர் இருவகையாகப் பகுத்துக் காட்டினார். வேலை நடக்கும் வரிசைப்படிப் பகுப்பது முதல் வகை: முதலில் படித்தல், பின்னர்ச் சுழற்றல், பின்னர் அடுக்கல். இதில், வரிகளைச் சேமிக்கும் முறையை மாற்றினால் எல்லாப் பகுதிகளையும் திருத்த நேரும். பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உறுப்பின் உள்ளே மறைத்து வைப்பது இரண்டாம் வகை. இதில், சேமிக்கும் முறை மாறினால் அதனை அறிந்த ஓர் உறுப்பை மட்டும் திருத்தினால் போதும். இதுவே ‘தகவல் மறைப்பு’ எனப்படும் கொள்கை.

இங்கு மறைத்தல் என்பது வஞ்சனையன்று. கைக்கடிகாரங்களில் பெரிதும் வழங்கும் 626 என்னும் எண்ணுடைய மின்கலத்தைக் கருதுவோம். அதன் விட்டம் 6.8 மில்லிமீட்டர், உயரம் 2.6 மில்லிமீட்டர்; மின்னழுத்தம் 1.55 வோல்ட். கடிகாரம் அறிய வேண்டியவை இவையே. மின்கலத்தின் உள்ளே நிகழும் வேதி வினையைக் கடிகாரம் அறிய வேண்டுவதில்லை. அறியாததனாலேயே, எந்த நிறுவனத்து மின்கலத்தையும் மாற்றிப் பொருத்த முடிகிறது.

கூறு என்பதன் இலக்கணம்

1990களில் கார்பா, காம், ஜாவாபீன்ஸ் முதலிய கட்டமைப்புகள் தோன்றி, மெக்கில்ராய் விரும்பிய கூறுகளை நடைமுறைக்குக் கொண்டுவர முற்பட்டன. 1998இல் கிளமென்ஸ் சிபெர்ஸ்கி எழுதிய நூல் அத்துறையின் கருத்துகளை ஒழுங்குபடுத்திற்று. அவ்வழி நின்று நோக்கின், மென்பொருட் கூறுக்கு நான்கு இயல்புகள் உண்டு எனலாம்.

முதலாவது, அது தனித்து நிற்கவல்லது. பிறவற்றைக் கலைக்காமல் அதனைப் பொருத்தவும் நீக்கவும் இயல வேண்டும். இரண்டாவது, வெளியுலகோடு அது உறவாடும் வாயில் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வாயிலே ‘இன்டர்ஃபேஸ்’ எனும் இடைமுகம். மூன்றாவது, தான் இயங்கத் தனக்கு எவையெவை வேண்டும் என்பதை அது வெளிப்படையாக உரைக்க வேண்டும். நான்காவது, அதனைச் செய்தவரை அறியாத மூன்றாமவர் ஒருவர், இடைமுகத்தை மட்டும் படித்து, அதனைத் தம் கட்டமைப்பில் இணைக்க முடிய வேண்டும்.

இவற்றை நோக்கும்போது நம் இலக்கண மரபு நினைவுக்கு வருவது இயல்பே. நன்னூலின் பதவியல் ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறு உறுப்புகளாகக் காண்கிறது. ‘நடந்தனன்’ என்னும் சொல்லில் ‘நட’ பகுதி. ஈற்றில் நிற்கும் ‘அன்’ ஆண்பால் விகுதி. அவ்விகுதியை நீக்கி ‘அள்’ என்பதை வைத்தால் ‘நடந்தனள்’ ஆகிறது. எஞ்சிய உறுப்புகள் அசையாமல் நிற்கின்றன. பகுதியை மாற்றினாலும் விகுதி தன் பணியைச் செய்கிறது. மாற்றிப் பொருத்தும் இவ்வியல்பே கூறுகளின் உயிர்நாடி.

சாரியையும் ஈண்டு எண்ணத் தக்கது. ‘மரம்’ என்னும் சொல்லோடு ‘ஐ’ உருபு நேரே சேர்வதில்லை. இடையில் ‘அத்து’ வந்து ‘மரத்தை’ என்றாகிறது. ‘அத்து’ தனக்கென ஒரு பொருளை உரைப்பதில்லை. சேராத இரண்டைச் சேர்ப்பதே அதன் தொழில். மென்பொருளிலும் இடைமுகம் பொருந்தாத இரு கூறுகளுக்கிடையே ‘அடாப்டர்’ எனப்படும் இணைப்பு நிரலை எழுதுவர். அது மென்பொருளின் சாரியை எனின் மிகையாகாது.

அளவு பொருந்தினால் போதுமா?

இடைமுகம் பொருந்திவிட்டது, இனிக் கவலையில்லை என்று கருதுவது பெரும் பிழை. எம்8 போல்ட்டின் வழக்கமான புரியிடைவெளி 1.25 மில்லிமீட்டர். அந்த அளவில் எந்த நட்டும் ஏறும். ஆயினும் அந்த போல்ட் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் புரி சொல்லாது. அதன் தலையில் பொறித்த வலிமைக் குறியே சொல்லும். அதைப் பாராமல் பூட்டியவருக்குப் பொருந்தியது போலவே தோன்றும். முறியும் நாளில்தான் உண்மை தெரியும்.

மென்பொருளில் இதற்குச் சான்று 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நிகழ்ந்தது. ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகலம் தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 40 நொடிகளில் வானிலேயே சிதறியது. அதில் இருந்த நான்கு அறிவியற் செயற்கைக்கோள்களும் அழிந்தன. காரணம், பழைய ஏரியன் 4 ஏவுகலத்தில் பழுதின்றி இயங்கிய மென்பொருட் பகுதியொன்றை அவ்வாறே எடுத்துப் புதிய கலத்தில் வைத்ததாகும். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை 16 இருமக் குறிகளுக்குள் அடங்கும் எண்ணாக அது மாற்றியது. அவ்விடத்தில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. பழைய கலத்தின் பாதையில் அவ்வெல்லை மீறப்படவில்லை. புதிய கலத்தின் பாதை வேறு, வேகம் மிகுதி. எண் எல்லை கடந்தது, கருவி செயலிழந்தது. மாற்றுக்கென வைத்திருந்த இரண்டாம் கருவியிலும் அதே மென்பொருளே இருந்தமையால் அதுவும் அதே முறையில் வீழ்ந்தது. அன்றியும், கலம் தரையை விட்டெழுந்த பின் புதிய கலத்தில் அக்கணக்குக்குத் தேவையே இருக்கவில்லை என்பது இரங்கத்தக்கது.

உறுப்பில் குறையில்லை, அது பழைய கலத்துக்குக் கொடுத்த வாக்கைக் காத்தது. இன்ன எல்லைக்குட்பட்ட எண்ணையே நான் ஏற்பேன் என்னும் நிபந்தனை இடைமுகத்தில் எழுதப்படவில்லை. இணைத்தவர் அதனைக் கேட்கவுமில்லை. பெர்ட்ரன்ட் மேயர் என்னும் அறிஞர் 1980களிலேயே ‘ஒப்பந்தவழி வடிவமைப்பு’ என்னும் முறையை வகுத்திருந்தார். ஒவ்வொரு கூறும் மூன்றைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்: என்னை அழைப்பவர் நிறைவேற்ற வேண்டியது எது, நிறைவேற்றினால் நான் தரக் கடமைப்பட்டது எது, எந்நிலையிலும் மாறாதது எது.

ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும் என்பதன் இன்றியமையாமையை நம் பெரியோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருக்குர்ஆனின் வசனங்களுள் மிக நீளமானது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்தல், சாட்சி அமைத்தல் ஆகியவற்றைப் பற்றியது அது. அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கடிந்துரைப்பதற்கெனவே 83ஆம் அத்தியாயம் அவர்கள் பெயரால் அமைந்துள்ளது. வாய்மொழியாக விட்ட நிபந்தனை நம்பிக்கைக்குரிய இருவரையும் பிரித்துவிடும் என்பது வணிகத்தில் கண்ட உண்மை. மென்பொருளிலும் அஃதே.

தமிழ் எழுத்து பட்ட பாடு

இவையெல்லாம் விண்கலம் விடுவோர்க்கன்றோ, தமிழ் படிப்போர்க்கு என்ன என்று வினவுவோர் உளராயின், நம் எழுத்தின் வரலாற்றையே விடையாகக் கூறுவோம்.

1990களில் கணினியில் தமிழ் அச்சிடப் பற்பல எழுத்துருக்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியீட்டை வைத்துக்கொண்டது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்னும் சொல், கணினியின் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே நின்றது. எழுத்துரு உடனிருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குப்பை. அதாவது, உரை என்னும் உறுப்பும் எழுத்துரு என்னும் உறுப்பும் பொது உடன்படிக்கையின்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அக்காலத்தில் இங்ஙனம் தட்டெழுதிய கட்டுரைகளும் ஆய்வேடுகளும் மலர்களும் கோப்பு இருந்தும் படிக்க இயலாத நிலையை அடைந்ததன் காரணம் இதுவே. அச்சுப் படி மறைந்தால் அவற்றோடு ஒரு தலைமுறையின் எழுத்தும் மறையும்.

இந்நிலையைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு வழிகோலிற்று. தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. பின்னர் உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு பரவியது. 2010 ஜூனில் தமிழக அரசும் அதனை ஏற்றது. இன்று உரை வேறு, எழுத்துரு வேறு, விசைப்பலகை வேறு. மூன்றையும் மூவர் செய்யலாம். ஒன்றை மாற்றினால் மற்றவை கெடா.

திரையில் ‘கெ’ என்று தோன்ற, ககரத்தின் பின் வரும் எகரக் குறியை முன்னே கொணர்ந்து வைக்க வேண்டும். ‘கொ’ என்று தோன்றக் குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் இதனைத் தனித்தனியே செய்வதில்லை. ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கூறு இப்பணியை ஏற்றுக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிபர்ஆஃபிஸ் ஆகிய யாவும் அதனைப் பயன்படுத்துகின்றன. அப்பெயரின் முற்பகுதி, எழுத்து என்னும் பொருளுடைய ‘ஹர்ஃப்’ என்னும் சொல்லே. அரபியில் ஓரெழுத்து மற்றோரெழுத்தோடு சேரும்போது வடிவம் மாறுவதையும், உருதுவின் எழுத்தையும், நம் கொம்பையும் காலையும் இந்த ஒரே கூறு ஒழுங்குபடுத்துகிறது. தமிழும் உருதுவும் அருகருகே வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவர் கைப்பேசியில் இரு மொழியிலும் மடல் எழுதும்போது இரண்டுக்கும் பணிசெய்வது இதுவே என்பது எண்ணி மகிழத்தக்கது.

நுட்பமான நிபந்தனை ஒன்றும் இங்குண்டு. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே எனக் கொள்ள வேண்டும் என்பது யூனிகோடு விதி. இவ்விதியை மதியாத தேடற்கூறு, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லைக் காணோம் என்று சொல்லிவிடும். உடன்படிக்கையைப் பாதி மட்டும் படித்தவரின் வேலை அது.

உறுப்புப் பட்டியல்

இரும்பு உறுப்புக்கும் மென்பொருள் உறுப்புக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. மென்பொருளைப் படியெடுக்கச் செலவில்லை, அது தேய்வதுமில்லை. எனவே ஒரே கூறு ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான இடங்களில் இருக்கும்; அதிலுள்ள பழுதும் அத்தனை இடங்களிலும் இருக்கும். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்னும் 11 வரி நிரலை அதனை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொள்ள, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் ஆக்கப்பணி நின்றுபோயிற்று. 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்னும் பதிவேட்டுக் கூறில் கொடிய பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, தம் மென்பொருளினுள் அக்கூறு இருக்கிறதா என்பதையே பல நிறுவனங்கள் தேடி அறிய வேண்டியதாயிற்று.

வண்டி செய்யும் ஆலையில் இது நேராது. எந்த வண்டியில் எந்த உறுப்பு, எந்தத் தொகுதியில் செய்தது என்பதற்கு ‘பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ என்னும் உறுப்புப் பட்டியல் உண்டு. பழுது கண்டால் உரிய வண்டிகளை மட்டும் திரும்ப அழைப்பர். மென்பொருளுக்கும் அத்தகைய பட்டியல் வேண்டும் என்னும் கொள்கை இப்போது வலுப்பெற்றுள்ளது. இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பாகிய செர்ட்-இன் 2024இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆலைத் தளத்தில் பிறந்த நல்லொழுக்கம் கணினி அறைக்குள் காலந்தாழ்ந்தே நுழைகிறது.

மாணவர்க்கு

பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி ஓசூர்ச் சாலையிலேயே அமைந்துள்ளது. எல்லைப்புற இளைஞர்க்கு ஒருபுறம் உறுப்பு செய்யும் பட்டறையும், மறுபுறம் மென்பொருள் செய்யும் மாளிகையும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. பிறர் செய்த கூறுகளைத் தேடியெடுத்து ஒட்டிவைப்பது இன்று எளிது. கணினியே அதனைச் செய்து தருமளவுக்கு எளிதாகிவிட்டது. ஆகவே ஒட்டவைக்க மட்டும் தெரிந்தவரின் மதிப்பு நாளும் குறையும். இந்த உறுப்பு என்ன வாக்களிக்கிறது, எந்த எல்லையில் அவ்வாக்கு முடிகிறது, எல்லை கடந்தால் யாருக்கு என்ன நேரும் என்று கேட்கத் தெரிந்தவரே நாளை வேண்டப்படுவார்.

அக்கேள்வியைக் கேட்பதற்கும் விடையை ஐயமற எழுதுவதற்கும் மொழிப்பயிற்சி இன்றியமையாதது. இங்குத்தான் தமிழ் மாணவர்க்கு இடமுண்டு. ‘கொடை’ என்னும் சொல்லைக் கணினி தன் கணக்கில் நான்கு குறிகளாக எண்ணும். நம் கணக்கில் அது இரண்டெழுத்து. இவ்வேற்றுமையைத் தீர்த்து எழுத்தெண்ணித் தரும் நிரல்களைத் தமிழ் ஆர்வலர்கள் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தொகுதியில் பொதுவில் வைத்துள்ளனர்; எவரும் எடுத்தாளலாம். அதுபோலவே, இலக்கணம் கற்றவர் துணையோடு இன்னும் செப்பமுற வேண்டிய கூறுகள் பல உள: புணர்ச்சி பிரிப்பது, சந்திப்பிழை காண்பது, பகுபதத்தை உறுப்பறப் பகுப்பது ஆகியவை அவற்றுட் சில. இவற்றைப் பொறியியல் மாணவர் தனித்துச் செய்ய இயலாது. தமிழ் மாணவரும் தனித்துச் செய்ய இயலாது. இருவரும் தத்தம் இடைமுகத்தைத் தெளிவுற வரைந்துகொண்டு சேர்ந்தால் ஆகும்.

பட்டறையில் கடையப்பட்ட சிறு உறுப்பு, தன்னைக் கண்டிராத ஒருவரின் உயிரைத் தாங்கிச் செல்கிறது. மென்பொருட் கூறும் அத்தகையதே. அது பிறர் நம் கையில் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைக் காக்கும் நேர்மையும், அதன் எல்லையை எழுதிவைக்கும் தெளிவும் நம் மாணவரிடத்துச் சேர்ந்து வளர்வனவாக.